சோப்பில் சிவந்த கறை

முதல் மணிக்கு இன்னும் ஏழு நிமிடம்.
வெள்ளைக் கோட்டின் இடது பையருகே
நேற்றைய சாம்பார்,
ஐந்து சென்ட் நாணயம் அளவு மஞ்சள்.
214ஆம் அறைக் குழாயடியில்
சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது.

யானிக்தான் முதலில் பார்த்தான்.
"ஃபிராவ் யோகா, ரத்தம்!"
(யோகலிங்கம் என்ற பெயரை
செப்டம்பரிலேயே பாதியாக வெட்டிவிட்டார்கள்.
எனக்கும் அங்கே பாதி வேலைதான்,
விட்டுவிட்டேன்.)

எட்டாம் வகுப்பு பி
முழுசாக என் வயிற்றருகே குனிந்து நிற்க
முதலுதவிப் பெட்டிக்கு ஓடிய எலிஃபை
"நில்லம்மா" என்று தமிழிலேயே நிறுத்தி
அலமாரி வினிகரை எடுத்துக்
கறையின்மேல் விட்டேன்.
ரத்தம் மஞ்சளுக்குத் திரும்பியது.

"இன்னொரு தடவை!"
சோப்பு. சிவப்பு.
வினிகர். மஞ்சள்.
கோட்டு போயிற்று,
பாடம் வந்துவிட்டது.
இருபத்தாறு பிரதி எடுத்துவைத்த வினாத்தாள்
மேசையில் கிடந்தபடியே கிடந்தது.

காரம் என்று பலகையில் எழுதும்போதெல்லாம்
எழுதுவது ஜெர்மன்தான்,
மூக்குக்கு மட்டும் மிளகாய் நெடி.
நாக்கில் உறைப்பதற்கும் விரலில் வழுக்குவதற்கும்
ஒரே பெயர் வைத்தவர் யாரோ
இரண்டையும் ஒருநாளாவது தொட்டுப் பார்த்தாரா?
இவர்களுக்குப் புளிப்பில் சிக்கல்.
'நான் புளித்திருக்கிறேன்' என்றால்
கோபமாயிருக்கிறேன் என்று பொருள்.
ஆகவே அமிலம் கோபக்காரன்,
அது மனதில் நின்றுவிடும்.
காரத்தின் குணத்துக்குத்தான்
சோப்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

முட்டைக்கோஸ் சாற்றில் சண்டை மூண்டது.
மால்டே பீலஃபெல்ட்டிலிருந்து வந்தவன்.
அவன் வீட்டில் அதன் பெயர் சிவப்புக் கோஸ்.
மெமிங்கன்காரர்கள் சிரித்தார்கள்:
நீலக் கீரையடா அது, நீலம்!
கண் தெரியாதா உனக்கு?
இரண்டு முகவை வைத்தேன்.
ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன், மால்டே ஜெயித்தான்.
இன்னொன்றில் சமையல் சோடா, மெமிங்கன் ஜெயித்தது.
அம்மா எதைப் போட்டு வேகவைத்தாளோ
அந்த நிறத்துக்குப் பெயர் வைத்து
இத்தனை தலைமுறை அடித்துக்கொண்டார்களா
என்று எலிஃப் கேட்டாள்.
மண்ணும் ஒரு காரணம் என்றேன்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மீதி பன்னிரண்டு நிமிடம்.
தண்ணீரில் காரம் ஒரே துளி,
பினால்ப்தலீன் இரண்டு துளி.
கல்யாணப் பந்தி ரோஸ்மில்க்போல
அசட்டு இளஞ்சிவப்பு.
ஒரு ஸ்ட்ராவும் கண்ணாடியும் நீட்டி
யார் ஊதுகிறீர்கள் என்றேன்.
உறிஞ்சக்கூடாது, ஊதவேண்டும்,
இரண்டு முறை சொன்னேன்.
இருபத்தைந்து கை எழுந்தது.

எழாத கை யூடித்துடையது.
ஆறு வாரமாய் அவளிடம் கேட்டதற்கெல்லாம்
தலையாட்டல்தான் பதில்.
ஆலோசகர் கோப்பில் பச்சைத் தாள் ஒன்று இருக்கிறது,
நான் படித்துப் பாதியில் மூடினேன்.
ஏனென்று இன்றும் தெரியாது,
ஸ்ட்ராவை அவள் பக்கம் நகர்த்தினேன்.
பேச வேண்டாம், காற்று போதும் என்றேன்.

ஊதினாள்.
குமிழி. குமிழி.
ஒன்றும் நடக்கவில்லை.
யானிக் கொட்டாவி விட்டான்.
ஜன்னலில் நவம்பர் மழை,
பிரதிகளின் ஓரம் ஈரமாகிக்கொண்டிருந்தது.
மூச்சு வாங்கி மறுபடி ஊதினாள்.
கன்னம் சிவந்தது, தண்ணீர் வெளுத்தது,
எது முதலில் என்று பார்க்கத் தவறினேன்.
கடைசியில் முகவையில்
வெறும் தண்ணீர்மாதிரி ஒன்று இருந்தது.

"அவள் மூச்சு அமிலமா?" மால்டே பயந்துபோனான்.
உன்னுடையதும்தான்.
என்னுடையதும்.
தலைமையாசிரியருடையது கொஞ்சம் அதிகம்.
எதுவோ புரையேறி
முகவைத் தண்ணீர் தெறித்தது.

செவ்வாயன்று அறிக்கைகள் வந்தன.
யூடித்தின் கையெழுத்து எறும்பு வரிசை.
நோக்கம், கருவிகள், செய்முறை, எல்லாம் சரி.
பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின்கீழ்
ஒரே வரி:
ஊதும்போது சிரித்துவிட்டேன்.

சிவப்பு மையைத் திறந்து
கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
மூடிவிட்டு
அடுத்த தாளை எடுத்தேன்.